1026ஆம் இலக்க வரைபடம்

கட்டடக் கலை பயிலும் மாணாக்கர் பொதுப் போட்டிகளிற் கலந்துகொள்ளுதல் மேனாடுகளிலே நெடுநாளைய வழக்கமாகும். தேர்ந்த கலைஞரோடு போட்டியிட்டு ஒரு மாணாக்கர் வெல்லுதல் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு, மாயா லின் என்னும் அமெரிக்க மாணவியின் வரலாறு தக்க விடையாகும்.

வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படைவீரருக்கு வாஷிங்டன் நகரிலே நினைவுச் சின்னம் எழுப்பக் கருதியோர் 1980ஆம் ஆண்டிலே வடிவமைப்புப் போட்டியொன்றை அறிவித்தனர். மாண்டோர் அனைவர் பெயரும் பொறிக்கப்படல் வேண்டும். நின்று சிந்தித்தற்கு ஏற்றதாதல் வேண்டும். சூழலோடு இயைதல் வேண்டும். போரைப் பற்றிய அரசியற் கருத்து எதனையும் கூறலாகாது என்பன நிபந்தனைகள். மாயா லின் அப்பொழுது யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. இறந்தோர்க்கு எழுப்பும் கட்டடங்களைப் பற்றிய வகுப்பிலே இப்போட்டியே பயிற்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

வரையத் தொடங்குமுன் அவர் இடத்தை நேரிற் சென்று பார்த்தார். புற்றரையில் நின்றபொழுது, நிலத்தைக் கத்தியால் வெட்டித் திறப்பது போன்றதோர் எண்ணம் எழுந்ததென்றும், வெட்டிய முகத்தை மெருகிட்டாற் போதும், மேலே யாதும் எழுப்ப வேண்டா என்று துணிந்ததாகவும் அவரே பின்னர் எழுதியுள்ளார். ஏறக்குறைய 75 மீற்றர் நீளமுள்ள இரு கருங்கற் சுவர்கள் ஒரு கோணத்திற் கூடுகின்றன. கூடுமிடத்தில் உயரம் 3 மீற்றர் வரையில். இரு முனைகளிலும் சுவர் தாழ்ந்து மண்ணோடு மறைகின்றது.

பெயர்களை அகர வரிசையில் அமைக்க அவர் உடன்படவில்லை. மாண்டோருள் ஸ்மித் என்னும் பெயரினர் மட்டுமே 600 பேருக்கு மேல். அகர வரிசையில் நின்றால் ஒரு தாய் தன் மகனை அக்கூட்டத்தில் எங்ஙனம் காண்பாள்? ஆகவே, இறந்த நாளின் வரிசையே கொள்ளப்பட்டது. பெயர்கள் சுவர்கள் கூடுமிடத்திலே தொடங்கி வலக்கோடி வரை சென்று, மீண்டும் இடக்கோடியில் தொடங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கின்றன. முதலில் மாண்டவரும் இறுதியில் மாண்டவரும் அங்கே அருகருகே நிற்கின்றனர்.

படங்கள் மென்மையான வண்ணச் சுண்ணத்தாற் தீட்டப்பட்டவை, மிக எளியவை. அவற்றினும் உடன் அனுப்பிய விளக்கவுரையை எழுதவே கூடுதலான காலம் சென்றதாம். சித்திரமும் கணிதமும் போதுமெனக் கட்டுரைப் பாடத்தை ஒதுக்கும் நம் மாணவர் சிலர் இதனைக் கவனிப்பாராக.

வந்த வரைபடங்கள் 1,421. வரைந்தவர் பெயரின்றி, இலக்கம் மட்டும் இடப்பட்டு, ஒரு விமானக் கொட்டகையிலே அவை வைக்கப்பட்டன. நடுவர் எண்மர் 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் 1026ஆம் இலக்கத்தைத் தேர்ந்தனர். வென்றவர்க்கு வயது 21. பெற்றோர் சீனாவிலிருந்து குடியேறியவர்கள். வகுப்பிலோ அவ்வேலைக்கு இரண்டாந் தரப் புள்ளியே கிடைத்திருந்தது! பெயர் தெரிந்திருப்பின் தம்மைத் தேர்ந்திருப்பரோ என்று அவரே ஐயுற்றதுண்டு.

வெற்றிக்குப் பின்னரே கடும் போராட்டம் மூண்டது. கறுப்பு நிறம் அவமானத்தின் அறிகுறி என்றனர் சிலர். வெண்கல் வேண்டும், சிலை வேண்டும் என்றனர் வேறு சிலர். அரசவைக் குழுக்களின் முன் அம்மாணவி தம் வடிவத்துக்காக வாதாட நேர்ந்தது. 1982ஆம் ஆண்டு நவம்பரிற் சின்னம் திறக்கப்பட்டது. எதிர்த்தோரை அமைதிப்படுத்தும் பொருட்டு மூன்று வீரரின் வெண்கலச் சிலை 1984ஆம் ஆண்டிலே, சுவரினின்றும் சற்று விலகி, நிறுவப்பட்டது. சுவரோ, பெயர் வரிசையோ மாற்றப்படவில்லை.