ஃபேன் சுற்றுகிறது, ப்ரொஜெக்டர் ஏன் அணைகிறது?

வீட்டு ப்ரொஜெக்டரில் ஃபேன் போய்விட்டால், அதே அளவில் ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம். புது ஃபேனும் ஜோராகச் சுற்றும். ஆனால் சில நொடிகளிலேயே எச்சரிக்கை விளக்கு மின்னி, ப்ரொஜெக்டர் அணைந்துவிடும்.

இது ஏன் என்று புரிந்துகொள்ளக் குக்கர் போதும். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே வெந்ததா என்பது தெரியாது. அவர் எண்ணுவது விசிலை. வர வேண்டிய நேரத்தில் விசில் வராவிட்டால் எழுந்துபோய் அடுப்பை அணைப்பார். ப்ரொஜெக்டரின் மெயின் போர்டும் அப்படித்தான். காற்று வீசுவதை அது பார்ப்பதில்லை. ஃபேன் அனுப்பும் துடிப்புகளை எண்ணுகிறது.

விசில் வரும் ஒயர்

பெரும்பாலான ப்ரொஜெக்டர் ஃபேன்களில் மூன்று ஒயர்கள் இருக்கும். சிவப்பு 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மூன்றாவது, பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளை. விசில் அதில்தான். ஒரு சுற்றுக்கு வழக்கமாக இரண்டு துடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. அது வராவிட்டால் போர்டு லேம்ப்பை அணைத்துவிடும்.

இந்தக் கண்டிப்பு வீண் இல்லை. ப்ரொஜெக்டரின் பாதரச லேம்ப் எரியும்போது அதன் குவார்ட்ஸ் குழாய் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் சுமார் 200 மடங்கு. காற்று நின்றால் குழாய் வெளுக்கும், உப்பும், வெடிக்கவும் கூடும்.

எப்போது அணைகிறது?

முதலில் கவனிக்க வேண்டியது நேரத்தை. ஆன் செய்த சில நொடிகளில் அணைந்தால் பெரும்பாலும் விசில் கோளாறு. கால் மணி நேரம் படம் ஓடிய பிறகு அணைந்தால் விசில் ஒழுங்காக வருகிறது, காற்றுதான் போதவில்லை.

விசில் வராததற்குக் காரணங்கள் சில உண்டு. இரண்டு ஒயர் ஃபேனில் விசிலே கிடையாது. மூன்று ஒயர் இருந்தாலும் சிலவற்றில் மூன்றாவது ஒயர் துடிக்காது. ஃபேன் நின்றுபோனால் மட்டும் நிலை மாறும். இதை லாக் சென்சார் வகை என்பார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் துடிப்பு அனுப்பும் டேக்கோ வகை. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கலாம். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகப் பல போர்டுகள் ஃபேனுக்கு 12 வோல்ட்டை முழுதாகத் தருவதில்லை. குறைந்த வோல்ட்டில் கிளம்பத் திணறும் ஃபேன் அங்கே தோற்றுவிடும்.

ஃபேனை வெளியில் வைத்தே சோதிக்கலாம். 12 வோல்ட் அடாப்டரில் சிவப்பையும் கறுப்பையும் இணையுங்கள். மூன்றாவது ஒயர் தானாக வோல்ட் தராது, கிரவுண்டுக்கு இழுத்து இழுத்து விடும், அவ்வளவுதான். அதனால் அதற்கும் சிவப்புக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து அந்த ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே பாருங்கள். வரும் எண்ணை 30-ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று. ஃபேன் சுற்றியும் எண் பூஜ்யமாகவே இருந்தால் வாங்கியது தவறான வகை.

கேஸ்கெட் கசிந்தால்

காற்று போதாத கோளாறு வேறு. கேஸ்கெட் தளர்ந்த குக்கரில் நீராவி ஓரமாகவே போய்விடுவதுபோல, ஃபேனைச் சுற்றியிருந்த ஃபோமைத் திரும்ப ஒட்டாவிட்டால் காற்று லேம்ப்புக்குப் போகாமல் பக்கவாட்டில் கசியும். ஃபேனைத் திருப்பி மாட்டினாலும் இதே கதிதான். சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் சாதாரண ஃபேனில் காற்று ஸ்டிக்கர் உள்ள பக்கமாக வெளியேறும் என்று கொள்ளலாம். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று வேகமான ஃபேனைப் போடுவதும் சரியல்ல. லேம்ப் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் பாதரசம் முழுதாக ஆவியாகாமல் வெளிச்சம் துடிக்கும். பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், வோல்ட், ஆம்பியர் மூன்றும் ஒத்துப்போவதுதான் நல்லது.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, லேம்ப் நன்றாக ஆறும்வரை விடுங்கள். லேம்ப்புக்கு மின்சாரம் தரும் பேலஸ்ட் போர்டைத் தொட வேண்டாம். கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம்.

மூன்றாவது ஒயருக்குப் பொய்த் துடிப்பு கொடுத்து போர்டை ஏமாற்றும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். போர்டு ஏமாறும், லேம்ப் ஏமாறாது. அடுத்த முறை ஃபேன் நின்றால் அணைக்க எதுவும் இருக்காது.