அடையாளச் சீட்டைப் பறிக்கும் கிருமி

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் விங்கார்டு என்னும் விஞ்ஞானி, புகையிலைச் செடிகளில் ஒரு விந்தையைக் கண்டார். வளையப்புள்ளி நோயைத் தரும் வைரஸ் கிருமி ஏற்றப்பட்ட கீழ் இலைகளில் புண்கள் வளையம் வளையமாகத் தோன்றின. ஆனால் அதன்பின் துளிர்த்த மேல் இலைகளோ மாசு மறுவின்றிப் பசுமையாய் விளங்கின. அதே கிருமியை அவற்றில் மீண்டும் தடவியபோதும் நோய் பற்றவில்லை.

அம்மை கண்டு தேறியவரை அந்நோய் பெரும்பாலும் மீண்டும் அணுகுவதில்லை என்பதை நாம் அறிவோம். நமது குருதியில் எதிர்ப்பொருள்கள் காவல் புரிகின்றன. குருதியே இல்லாத செடிக்கு இக்காவல் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

செடியின் காவல்முறை

உயிரணுவிலுள்ள மரபணுக்கள் இடும் கட்டளைகளை ஆர்.என்.ஏ. என்னும் இழை சுமந்து செல்கிறது. அக்கட்டளைப்படியே புரதங்கள் உருவாகின்றன. வைரஸுக்குச் சொந்தமாகத் தொழிற்கூடம் கிடையாது. அது செடியின் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கே தன் கட்டளைகளைச் செலுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அவ்வாறு பெருகும்போது ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகத் தோன்றுகிறது. இதைக் கண்டு செடி விழித்துக்கொள்கிறது. கத்தரி போன்ற ஒரு புரதம் அவ்விழையை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்னும் மற்றொரு புரதம், அத்துண்டின் ஓர் இழையை அடையாளச் சீட்டாகக் கையில் ஏந்தி, அதனோடு பொருந்தும் கட்டளை எங்கே தென்பட்டாலும் வெட்டி வீழ்த்துகிறது. வைரஸின் மரபணு இவ்வாறு வாயடைத்துப் போகிறது.

இக்காவற்செய்தி செடியின் பிற பகுதிகளுக்கும் பரவுகிறது. எனவேதான் பின்னர்த் துளிர்க்கும் இலை முன்னெச்சரிக்கையோடு பிறக்கிறது. இச்சிறு துண்டுகளை 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஹாமில்டன், பால்கோம் ஆகிய இருவரும் கண்டறிந்தனர்.

கிருமியின் சூழ்ச்சி

இத்துணை நல்ல காவல் இருந்தும் செடிகள் ஏன் நோயுற்று மடிகின்றன? காவலை முடக்கும் புரதங்களை வைரஸ்களும் உடன் கொண்டுவருவதே காரணம். தக்காளிச் செடியைக் குட்டையாக்கும் ஒரு வைரஸிடம் பி-19 என்னும் புரதம் உண்டு. இதன் வடிவம் 2003இல் தெளிவாயிற்று. இரண்டு பி-19 புரதங்கள் இணைந்து, அளவுகோல் போலத் துண்டின் நீளத்தை அளந்து, 21 எழுத்துத் துண்டுகளை இறுகப் பற்றிக்கொள்கின்றன. காவலன் நிற்கிறான், ஆனால் அவன் கையில் சீட்டு இல்லை. பகைவன் எதிரே நடந்து சென்றாலும் அவனால் இனங்காண இயலாது. வேறு சில வைரஸ்களோ ஆர்கோநாட் என்னும் காவலனையே அழித்துவிடுகின்றன.

உகாண்டா கண்ட துயரம்

இச்சூழ்ச்சி ஆய்வுக்கூடத்துச் செய்தி மட்டுமன்று. உகாண்டா நாட்டு ஏழை எளியோரின் அன்றாட உணவு மரவள்ளிக் கிழங்கு. 1980களின் இறுதியில் அங்கே கடுமையான தேமல் நோய் தோன்றி, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வீதம் பரவியது. வெள்ளை ஈக்கள் அதைச் சுமந்து சென்றன. இலைகள் சுருண்டன, கிழங்கு பருக்கவில்லை. பல மாவட்டங்களில் உழவர்கள் மரவள்ளிப் பயிரையே கைவிட்டனர். உணவுப் பஞ்சம் தலைகாட்டியது.

ஒரு வைரஸின் மரபணுப் பகுதி மற்றொன்றில் ஒட்டிப் பிறந்த கலப்பு வைரஸ் அங்கே பரவியிருந்தது 1997இல் தெரியவந்தது. இக்கலப்பு வைரஸும் பழைய ஆப்பிரிக்கத் தேமல் வைரஸும் ஒரே செடியில் சேர்ந்தபோது நோய் மிகக் கொடியதாயிற்று. ஏன்? 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடை தந்தது. பழைய வைரஸ் தனித்து வந்தால் செடி பெரும்பாலும் தேறிவிடுகிறது. ஆனால் கிழக்காப்பிரிக்க வகையைச் சேர்ந்த வைரஸ் உடன் சேரும்போது, அவ்விரண்டும் ஏந்திய வெவ்வேறு புரதங்கள் காவலை வெவ்வேறு முறையில் முடக்குகின்றன. ஒரு திருடனைச் சமாளிக்கும் வீடு, முன்வாயிலில் ஒருவனும் கொல்லைப்புறத்தில் ஒருவனுமாக வந்தால் என் செய்யும்?

நோயைத் தாங்கும் இரகங்களும் நோயற்ற கரணைகளுமே உகாண்டாவின் மரவள்ளியை மீட்டன. தமிழகத்து மரவள்ளியிலும் தேமல் நோய் உண்டு. ஆதலால் இதில் நமக்கும் ஒரு பாடம் உள்ளது. தேறிய செடியின் இலை பசுமையாய் இருப்பதாலேயே கிருமி முற்றும் அகன்றுவிட்டதென எண்ணலாகாது. அது அடங்கியிருக்கலாம், கரணை வழியே அடுத்த பயிருக்கும் செல்லலாம். ஆகவே ஒருமுறையேனும் தேமல் கண்ட செடியிலிருந்து கரணை எடுக்காதிருப்பதே அறிவுடைமை. செடியின் காவல் தோற்கக்கூடிய இடத்தில் உழவரின் கண்ணே காவலாக வேண்டும்.