காற்று திரும்பினால் தீயும் திரும்பும்!

கோடைக்கால மாலையில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மொட்டை மாடியில் நின்றிருக்கிறீர்களா? கடல் பக்கமிருந்து இதமான காற்று வந்துகொண்டிருக்கும். மேற்கே வானம் கறுக்கும். இடி உறுமும். திடீரென்று எதிர்த் திசையிலிருந்து 'ஜிலீர்' என்று ஒரு காற்று! கொடியில் காயும் துணிகள் எல்லாம் கடல் பக்கமாகப் பறக்கும். மழை இன்னும் வந்திருக்காது. அதற்கு முன்பே காற்று வந்துவிடும்.

நமக்கு அது ஜாலி. ஆனால், அந்த நேரத்தில் எங்காவது தீயை அணைத்துக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு அது பெரிய ஆபத்து. ஏன் தெரியுமா?

குளிர் காற்று எப்படி வருகிறது?

இடிமழை மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிவிடும். வியர்வை உலரும்போது நம் உடம்பு குளிர்கிறது அல்லவா? அதுபோல் சுற்றியுள்ள காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. எனவே வேகமாகக் கீழே இறங்கும். ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலா பக்கமும் ஓடும் இல்லையா? இந்தக் காற்றும் தரையில் மோதி அப்படித்தான் பாயும். சில சமயம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில்! மேகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே காற்று நம்மை எட்டிவிடும்.

உடம்பெல்லாம் தலை!

கொடுங்கையூர் குப்பைமேட்டில் கோடையில் பலமுறை தீப்பிடித்திருக்கிறது. காலையில் மேற்குக் காற்று அடித்தால் புகை தண்டையார்பேட்டை பக்கம் போகும். மதியம் கடற்காற்று தொடங்கியதும் அதே புகை மாதவரம் பக்கம் திரும்பும். கோடையில் இது வழக்கமாக நடப்பது. வீரர்கள் எதிர்பார்த்துத் தயாராக இருக்கலாம். இடிமழைக் காற்றோ சொல்லாமல் கொள்ளாமல் வருவது.

காட்டில் இது இன்னும் பயங்கரம். காட்டுத்தீ ஒரு நீண்ட பாம்பு மாதிரி. அதன் தலைதான் வேகமாக ஓடும். பக்கவாட்டில் தீ மெதுவாகவே நகரும். எனவே வீரர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நின்று வேலை செய்வார்கள். காற்று சட்டென்று குறுக்கே திரும்பினால்? பாம்பின் உடம்பு முழுவதும் தலையாகிவிடும்! சற்று முன்வரை பத்திரமாக இருந்த இடத்தை நோக்கியே தீ பாயும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் என்ற ஊரின் அருகே, 2013 ஜூன் 28 அன்று மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. ஜூன் 30 மாலை, இடிமழை மேகங்களிலிருந்து பாய்ந்த காற்று தீயைத் திருப்பிவிட்டது. நன்கு பயிற்சி பெற்ற 20 பேர் குழுவில் 19 பேர் தீயில் சிக்கி உயிரிழந்தனர். வேறோர் இடத்தில் நின்று தீயைக் கண்காணித்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

நான்கு விதிகள்

காட்டுத்தீயை அணைக்கப் போகும் வீரர்கள் நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது. தீயையும் வானத்தையும் கவனிக்க ஒருவர் காவல் நிற்க வேண்டும். எல்லோருக்கும் உடனே செய்தி போக வேண்டும். தப்பும் வழியை முன்பே பார்த்து வைக்க வேண்டும். ஓடிப்போய் ஒதுங்கப் பாதுகாப்பான இடமும் வேண்டும்.

ராயபுரத்துக்குப் பக்கத்தில், சென்னைத் துறைமுகக் கட்டடம் ஒன்றின் உச்சியில், இந்திய வானிலை ஆய்வுத் துறை 2002-ல் டாப்ளர் ரேடாரை நிறுவியது. இத்தகைய ரேடார்கள் மழையை மட்டுமல்ல, காற்றின் வேகத்தையும் கண்டுபிடிக்கும். பாய்ந்து வரும் குளிர் காற்றின் முனை, சில சமயம் ரேடார் படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தச் செய்தி உரிய நேரத்தில் கிடைத்தால், வீரர்கள் விலகிச் செல்லச் சில நிமிடங்கள் கிடைக்கும். உயிர் பிழைக்க அந்தச் சில நிமிடங்கள் போதும்!

நீங்களும் ஒன்று செய்யலாம். எங்காவது தீயைப் பார்த்தால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். புகை போகும் பக்கம் ஓடாமல் விலகிச் செல்லுங்கள். பெரியவர்களிடம் சொல்லி 101-ஐ அழையுங்கள். அடுத்த முறை மாடியில் அந்த 'ஜிலீர்' காற்று வீசும்போது, தீயின் முன்னால் நிற்கும் அந்த வீரர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.