கட்டுப் பிரித்த பிறகுதான் பாதி வைத்தியமே!

ஈர வாசலில் கால் வழுக்குகிறது. விழப் போகிறோம் என்றதும் கை தானாகத் தரையில் ஊன்றுகிறது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்க, 'மளுக்'! மணிக்கட்டு பெரும்பாலும் முறிவது இப்படித்தான். அயர்லாந்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். எக்ஸ்ரே வந்ததோ அதற்கு 81 வருஷம் கழித்து!

எங்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கைதான் சோறு போடுகிறது. ஷூவுக்கு அப்பர் தைக்கிற பெண்ணானாலும், தோல் ஷாப்பில் ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிறவரானாலும் மணிக்கட்டு திரும்பாவிட்டால் பிழைப்பு போச்சு. வீட்டிலோ, துணி பிழிவது முதல் குடம் தூக்குவது வரை எல்லாம் அதன் வேலைதான்.

முதலில் எக்ஸ்ரே

அடிபட்டதுமே புத்தூர் கட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் நிறைய. நானும் சித்த வைத்தியன்தான்; எங்கள் நூல்களிலும் ஒடிவு முறிவுக்கு வைத்தியம் உண்டு. ஆனாலும், எலும்பு மூட்டுக்குள் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. படம் எடுத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். கட்டு இறுகி, விரல் நீலம் பாரித்து, மரத்து, வலி தாங்க முடியாமல் போனால் 'விடியட்டும்' என்று இருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

கட்டோடு இருக்கும்போது

மாவுக்கட்டு சாதாரணமாக 5, 6 வாரம் இருக்கும். முதல் சில நாள் கையை நெஞ்சுக்கு மேல் உயரும்படி தலையணையில் வையுங்கள். கையை அசைக்கவே கூடாது என்று நினைப்பது தப்பு. மணிக்கொரு தடவை விரல்களை நன்றாக மடக்கி நீட்டுங்கள். முழங்கையை மடக்குங்கள்; தோளைத் தூக்கி இறக்குங்கள். இல்லாவிட்டால் உடைந்தது மணிக்கட்டு, இறுகிப்போவது தோள்!

பிரித்த பிறகு

"எலும்பு கூடிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா கை திரும்ப மாட்டேங்குதே டாக்டர்!"

அடிக்கடி நான் கேட்கிற புலம்பல் இது. பல வாரம் சும்மா இருந்த கை மெலிந்து, விறைத்துத்தான் இருக்கும். பயம் வேண்டாம்.

இதற்கான பாடம் நம் வேலூரிலேயே இருக்கிறது. 1946-இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அதோடு விடவில்லை, அந்தக் கைகளுக்குப் பயிற்சியும் கொடுக்க வைத்தார். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அத்தகைய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வைத்தியர் சரிசெய்து கொடுக்கலாம். பழக்க வேண்டியது நாம்தான்.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிஷம் கையை வையுங்கள். பிறகு மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சில்லறை வாங்குவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்புங்கள். பின் கீழே கவிழுங்கள். ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். ஒவ்வொன்றும் 10 தடவை, நாளைக்கு 3, 4 வேளை. லேசாக இழுத்து வலிப்பது சகஜம். மறுநாளும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் லேசாகத் தடவலாம். யாரையும் இழுத்து உருவ விடாதீர்கள்.

கட்டைவிரலைத் திடீரென்று தூக்க முடியவில்லையா? தசைநாண் அறுந்திருக்கலாம். விரல் மரத்துப்போனாலும், கை பளபளவென வீங்கி எரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு

100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், பால், முட்டையும் சேருங்கள், வெயிலும் படட்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இளம் பிரண்டையை நார் நீக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்துத் துவையல் அரையுங்கள். நறுக்கும்போது கையில் எண்ணெய் பூசாவிட்டால் அரிக்கும்! ஆனால் துவையல் கட்டுக்கு மாற்று ஆகாது. பற்ப மருந்துகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்கள் லேசாக விழுந்தே எலும்பு முறிந்ததென்றால், எலும்பு அடர்த்தியைச் சோதித்துவிடுங்கள். அடுத்த தடவை முறிவது இடுப்பாக இருக்கலாம்.

பழைய பலம் வர 6 மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். 'இன்னும் சரியாகலையே' என்று சோராமல், ஒரு நோட்டில் வாரா வாரம் குறியுங்கள்: பட்டன் போட முடிந்ததா, தாழ்ப்பாள் திறந்ததா, சாதம் பிசைய வந்ததா? நாலு வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கை தேறியிருப்பது உங்களுக்கே தெரியும்.