கடை மாறலாம், விலாசம் மாறாது

ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றும்போது மூட்டையின் மேல் நாம் எழுதுவது கடையின் கதவு எண்ணை அல்ல, கடையின் பெயரைத்தான். மூஞ்சிக்கல்லில் இருக்கும் கடையை நாளையே வேறு தெருவுக்கு மாற்றினாலும், பெயரைக் கேட்டு விசாரித்துச் சரக்கை இறக்கிவிடுவார்கள். வணிகத்தில் பெயரே விலாசம். இந்த நல்ல வழக்கத்தைக் கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் நாம் கடைப்பிடிப்பதில்லை. அதனால் வரும் நஷ்டத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இன்று நடுத்தர மளிகைக் கடையிலும் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று என்று வந்துவிட்டது. இருப்பும் பற்று வரவும் சர்வர் எனப்படும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். மற்றவை அதை 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண்ணைக் கொண்டு தேடிப் பிடிக்கின்றன. இதுவே ஐ.பி. முகவரி. பெரும்பாலும் இந்த எண்ணை ரவுட்டர்தான் கொடுக்கிறது. அதுவும் வாடகைக்கு விடுவது போல, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். மின்சாரம் போய் வந்தால் அதே எண் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

மலையில் காற்றடித்து மரம் சாய்ந்தால் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. நாமறிந்த ஒரு கடையில் மே மாத சீசன் கூட்டத்தின் நடுவே இப்படி ஆயிற்று. கரண்ட் வந்தபோது சர்வரின் எண் 5 போய் 8 ஆகிவிட்டது. பில் கம்ப்யூட்டர்களோ பழைய எண்ணையே தேடிக்கொண்டு நின்றன. கீழேயிருந்து மெக்கானிக் வரும்வரை துண்டுச் சீட்டில் கணக்கு எழுதினார்கள். இரவில் கல்லாவும் கணக்கும் ஒத்துவரவில்லை. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. எண்ணை நம்பியதுதான் கோளாறு.

இந்தச் சங்கடம் உலகுக்கே வந்ததுதான். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் கொண்ட ஒரே பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் குழுவினர் பராமரித்து வந்தனர். கம்ப்யூட்டர்கள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். அந்த வசதியின் சிறிய வடிவம் நம் கடைக்கும் போதும்.

செய்ய வேண்டியவை இவை:

1. சர்வருக்குப் பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், 15 எழுத்துக்குள் இருக்கட்டும். 'கணக்கு' என்பதையே ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சரி.

2. ரவுட்டரின் அமைப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த எண் வேறு எதற்கும் போகாது.

3. பில் போடும் கம்ப்யூட்டர்களின் மென்பொருளில் எண் இருக்கும் இடத்தில் சர்வரின் பெயரைக் கொடுங்கள்.

4. பெயரைச் சொல்லியும் பிடிக்கவில்லையென்றால், பெயருக்குப் பின் புள்ளியும் 'லோக்கல்' என்ற சொல்லும் சேர்த்துப் பார்க்கலாம். 2013-ல் வெளியான விதிமுறைப்படி இது உள்ளூர் வலையமைப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட முடிவு. அதுவும் பலிக்காவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எண்ணையும் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் எண் மாறினால் இந்த வரியையும் மாற்றியாக வேண்டும். ஆகவே இரண்டாவது வேலையை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பெயர் கடைக்குள் மட்டுமே செல்லும். பழனியில் வீட்டிலிருந்தபடி கணக்குப் பார்க்க இது உதவாது. அதற்காக யாரோ சொன்னார்களென்று சர்வரை வெளியுலகுக்குத் திறந்துவிடுவது, கல்லாவைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

வியாபாரம் மந்தமான ஒரு நாளில் சர்வரையும் ரவுட்டரையும் முறையாக நிறுத்தி, மீண்டும் போட்டு, பில் வருகிறதா என்று சோதியுங்கள். பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் வையுங்கள். சீசன் தொடங்கும் முன் உறுப்பினர்கள் அனைவரும் இதைச் செய்து முடிக்க அன்புடன் வேண்டுகிறோம்.