சக்கரம் நின்றது, வெயில் கைகொடுத்தது

மாணவர்களே, சுழல் நாற்காலி கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் நிரம்பிய இரண்டு போத்தல்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, கைகளை அகல நீட்டி உட்காருங்கள். நண்பரை மெல்லச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது போத்தல்களை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். யாரும் தள்ளாமலேயே வேகம் கூடும்!

காரணம், கோண உந்தம். நிறை சுழலச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, பொருள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது அது. சுழற்றும் விசை எதுவும் வெளியிலிருந்து வராதவரை மொத்தக் கோண உந்தம் மாறாது. நிறை அச்சை நெருங்கினால், அதை ஈடுகட்ட வேகம் கூடியாக வேண்டும்.

இந்த விதியை நம்பித்தான் 2009 மார்ச்சில் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி புறப்பட்டது. வேற்றுக் கோள்களைத் தேடுவது அதன் வேலை. ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி இம்மியளவு மங்கும். அதைக் கவனிக்கத் தொலைநோக்கி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். விண்வெளியில் ஊன்றிக்கொள்ளத் தரை ஏது? உள்ளே இருந்த சக்கரங்கள்தாம் துணை. சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் தொலைநோக்கி மறுபக்கம் திரும்பும், மொத்தம் மாறாது.

மூன்று திசைகளுக்கு மூன்று சக்கரங்கள் தேவை, நான்காவது உபரி. 2012 ஜூலையில் ஒன்று பழுதானது. 2013 மே மாதம் இன்னொன்றும் நின்றது. சூரிய ஒளி பொருள்களை மிக மெல்லத் தள்ளும். மிஞ்சிய இரண்டு சக்கரங்களால் அந்தத் தள்ளலை எல்லாத் திசையிலும் சமாளிக்க முடியவில்லை. கெப்ளரின் கதை முடிந்ததென்றே பலர் நினைத்தனர்.

பொறியாளர்கள் விடவில்லை. தொல்லை தந்த வெயிலையே துணையாக்கினர். சூரிய ஒளி இருபுறமும் சமமாக விழும்படி தொலைநோக்கியை நிறுத்தினர். இருபக்கத் தள்ளலும் சமமானதால் அது ஏறக்குறைய நிலையாக நின்றது. சிறு விலகல்களை உந்துபொறிகள் அவ்வப்போது சரிசெய்தன. 2014இல் மீண்டும் பணி தொடங்கிய கெப்ளர், 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும்வரை உழைத்தது. அதன் தரவுகளால் 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதியாயின.

மறுபடியும் நாற்காலிக்கு வாருங்கள். கால் தரையில் படாமல், அசையாமல் உட்காருங்கள். இடுப்புக்கு மேலே உடலைச் சட்டென இடப்பக்கம் திருப்புங்கள். நாற்காலி எந்தப் பக்கம் போகிறது? கெப்ளர் திரும்பிய வித்தையும் அதுதான்.