பந்தயத் தடத்திற்குச் செல்லும் ஸ்டெப்னி

தில்லியில் டாக்சி ஓட்டுபவரிடமும், மும்பையில் லாரிப் பட்டறை வைத்திருப்பவரிடமும், கொல்கத்தாவில் பஞ்சர் ஒட்டுபவரிடமும் 'ஸ்டெப்னி' என்ற சொல்லை மட்டும் சொன்னால் போதும். மொழி தெரியாத குறை அங்கே தடையாவதில்லை. மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின்மீது தனி மதிப்பு உண்டு. இது எந்த இந்திய மொழிக்கும் உரியதன்று. வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு இருக்கிறது. மோட்டார் கார்கள் மாற்றுச் சக்கரமின்றியே புறப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1904-ஆம் ஆண்டில், அவ்வூரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆரங்கள் இல்லாத ஒரு வளையம். அதன்மேல் காற்றடைத்த டயர். காற்றிறங்கிய சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதைப் பிணைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். தெருவின் பெயரே சாதனத்தின் பெயராயிற்று. அது கடல் கடந்து நம் நாட்டிலும், பிரேசில் நாட்டிலும்கூட, பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது.

அது ஆபத்துக்கென வைத்துக்கொண்ட ஒரு சக்கரம். ஆபத்து எதுவும் நேராதபோதே நான்கு சக்கரங்களை உடன் எடுத்துச் செல்பவர்களும் உலகில் உண்டு. அவர்கள் ஓட்டுவதோ இரண்டே இருக்கைகள் கொண்ட, டிக்கி என்று பெயருக்கு ஒன்று வாய்த்த சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். இவர்களைப் பற்றியும் இவர்கள் சுமக்கும் சுமையைப் பற்றியும் இங்கே காண்போம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'டிராக் டே' என்றொரு வழக்கம் பரவியுள்ளது. இது பந்தயம் அன்று, பரிசும் இல்லை. கட்டணம் செலுத்திய எவரும் தம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் பதினைந்து இருபது நிமிஷம் வீதம் பலமுறை ஓட்டிப் பழகலாம். முன்செல்லும் காரை நினைத்த இடத்தில் முந்த முடியாது. அவர் இடம் கொடுத்தால்தான் உண்டு. சாலைக்கென எடுத்த சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தடத்தினுள் செல்லுபடியாகாது. பிரிட்டனில் இத்தகைய தடங்கள் பல, யுத்த காலத்து விமானத் தளங்கள். சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948-இல் இவ்வாறு தோன்றியவையே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்ததை அறிந்த நேயர்களுக்கு இது வியப்பாயிராது.

நான்கு சக்கரங்கள் எதற்கு? தடத்திற்கென்று செய்யப்படும் டயரின் ரப்பர் மென்மையானது. சூடேறிய பின்னரே அது தரையை நன்கு பற்றும். அதன் வரிப்பள்ளங்கள் ஆழமற்றவை. ஆகவே மழைநீர் தேங்கிய நெடுஞ்சாலையில் நீரை வெளியேற்ற இயலாமல் டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். விரைவில் தேய்ந்துபோவதும் உண்டு. சாலைக்கு ஒரு தொகுதி, தடத்திற்கு ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. மாலையில் அதே காரில் வீடு திரும்ப வேண்டியவருக்கு இது ஆடம்பரம் அன்று.

இனி இடத்தின் கணக்கைப் பார்ப்போம். 1989-இல் வெளிவந்து, 2016-இல் பத்து லட்சமாவது வண்டியைக் கண்ட மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற ஜப்பானியக் காரை எடுத்துக்கொள்வோம். டிராக் டேக்களில் மிகுதியாகக் காணப்படும் கார் இது. இதன் நான்காம் தலைமுறை வண்டியின் டிக்கி ஏறத்தாழ 130 லிட்டர் கொள்ளும். 16 அங்குல அளவுள்ள இதன் சக்கரம் டயரோடு சேர்ந்து சுமார் 60 சென்டிமீட்டர் குறுக்களவும் 20 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 226 லிட்டர் இடம் வேண்டும். ஆழாக்கில் படியை அளக்கும் கதைதான். எடையும் சிறிதன்று, சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 16 கிலோ என்றால் நான்குக்கும் 64 கிலோ. ஓர் ஆளின் எடை.

ஆகவே, ஆள் அமரும் இடத்திலேயே சக்கரங்களை வைத்துக்கொள்வோர் பலர். பக்கத்து இருக்கையைச் சாய்த்து இரண்டு, காலடியில் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று எப்படியோ திணித்துவிடுவார்கள். இதில் உள்ள அபாயத்தை அவர்கள் நினைப்பதில்லை. கார் திடீரென நின்றாலும் உள்ளே கட்டப்படாமல் இருக்கும் பொருள் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. 16 கிலோ சக்கரம் அவ்வாறு பாய்ந்தால் ஓட்டுபவரின் தோளும் தலையும் என்னாகும்? ஒரு சிறு ஸ்பானர் உருண்டு வந்து பிரேக் மிதியின் கீழ் அகப்பட்டுக்கொண்டாலும் போதும், காரியம் கெட்டுவிடும். தடத்தினுள் நுழையுமுன் காரிலுள்ள பொருள்கள் அனைத்தையும், ஓட்டுபவரின் காலடி விரிப்பு உட்பட, இறக்கி வைக்கச் சொல்வது இதனால்தான். வீட்டிலிருந்து தடம் வரையுள்ள நெடுஞ்சாலையில் அவ்வாறு சொல்ல ஒருவரும் இல்லை.

மற்றொரு வழி, காரின் பின்னால் சிறு டிரெய்லர் ஒன்றைப் பூட்டிக்கொள்வது. ஓர் அச்சு, இரு சிறு சக்கரங்கள், முன்பக்கம் கருவிப் பெட்டி, அதன்பின் நான்கு சக்கரங்களையும் கிடைநிலையில் அடுக்கிப் பிணைக்க ஒரு கம்பம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் உயிர் சுமையை வைக்கும் இடத்தில் இருக்கிறது. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் அமைந்து, இணைப்புக் கொக்கியைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 200 கிலோ எனில், அமெரிக்க வழக்கப்படி அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 20 முதல் 30 கிலோ, கொக்கியின்மேல் இறங்க வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும். காரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி விரைந்து கடக்கும்போது எழும் காற்றே டிரெய்லரை அசைக்கப் போதுமானது. அசைவு காரின் வாலை அசைக்கும்; கார் மறுபடி டிரெய்லரை அசைக்கும். வேகம் மிகுதியாயின் ஒவ்வோர் அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயல்வது கேட்டையே விளைவிக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுவதே உபாயம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். டிரெய்லரின் சக்கரம் 40 சென்டிமீட்டர் குறுக்களவே உடையதாயின், காரின் சக்கரம் இருமுறை சுழலும் நேரத்தில் அது மும்முறை சுழலும். அதன் பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் இடாமல் நூறு மைல் போவது விவேகம் ஆகாது. நாம் கூறிய அந்த எம்.எக்ஸ்-5 காரின் அமெரிக்கக் கையேடோ, இக்கார் டிரெய்லர் இழுக்க அமைக்கப்பட்டதன்று, இழுக்க வேண்டாம் என்றே எச்சரிக்கிறது. ஆயினும் பலர் கொக்கி மாட்டி இழுத்தே செல்கின்றனர். இதில் நாம் கையேட்டின் பக்கமே. சக்கரங்களைப் பெரிய காரில் வரும் நண்பரிடம் ஒப்புவிக்கலாம்; அல்லது சாலைக்கும் தடத்திற்கும் ஓரளவு பொருந்தும் ஒரே தொகுதி டயரோடு போகலாம். முதன்முதலாகத் தடத்திற்குப் போகிறவருக்கு இரண்டாம் தொகுதி சிறிதும் தேவையில்லை.

தேவையானவை வேறு. முதலாவது டார்க் ரெஞ்ச். சக்கர நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் அளவு உண்டு. குறைந்தால் நட்டு தளரும். மிகுந்தால் போல்ட் நீண்டு வலுவிழக்கும். காலால் மிதித்து இறுக்குவது நம்மூர் வழக்கமானாலும், டார்க் ரெஞ்ச்தான் அளவறிந்து இறுக்கும். இரண்டாவது, காற்றழுத்த மானியும் ஒரு சிறு பம்பும். டயர் சூடேறினால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். தடத்தில் சிறிது காற்றை இறக்குவார்கள். அதை மறுபடி நிரப்பாமல் சாலையில் இறங்கலாகாது. மூன்றாவது, மூடி திறவாத ஒரு புட்டி பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 வகைக்குப் புதிதாய் இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட்; ஈரமேறினால் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்து ஆவிக்குமிழி உண்டான குழாயில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்காது. இவற்றோடு, கார் பழுதுற்றால் கட்டி இழுப்பதற்கான வளையம், தாழ்வான காரின் அடியில் நுழையும் ஜாக்கி, தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய். இவ்வளவும் டிக்கியிலேயே அடங்கும், வலைகட்டிப் பிணைத்தால்.

எடைக்கும் வசதிக்குமுள்ள இந்த இழுபறி புதிதன்று. 1906-இல் பிரான்சில் லெ மான் நகருக்கு அருகே நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஓட்டுபவரும் உடன் அமர்ந்த மெக்கானிக்கும் தவிர வேறெவரும் காரைத் தொடலாகாது என்பது விதி. பழைய டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியது மாட்டக் கால்மணி நேரம் வரை ஆயிற்று. மிஷெலின் கம்பெனியார் கழற்றி மாட்டத்தக்க வளையங்களை அளித்தனர். நான்கு நிமிஷத்திற்குள் வேலை முடிந்தது. ஆனால் வளையம் ஒன்றுக்கு 9 கிலோ எடை கூடும். காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாதென்ற விதியினால் சில கார்கள் அவற்றை ஏற்க முடியவில்லை. ஏற்றுக்கொண்ட ரெனோ காரில் பெரென்ஸ் சிஸ் வென்றார்.

நம் நாட்டில் தடங்கள் சிலவே. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரால் அமைந்த தடத்திலும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. வடக்கே வாழும் நேயர்களுக்கு அணித்தாக இருப்பது கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புத்தா தடம். சுற்றளவு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோடையில் நம் தார்த்தளம் இங்கிலாந்தினும் பன்மடங்கு காய்வதால், டயர் அழுத்தத்தையும் பிரேக் ஆயிலையும் இங்கே இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

மாலையில் ஓட்டம் முடிந்ததும், சிவக்கக் காய்ந்த பிரேக் ஆறும் வரை ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையை வைத்து நிறுத்த வேண்டும். சக்கரங்களை மாற்றிய பின் நட்டுகளை அளவோடு இறுக்கி, காற்றை நிரப்பிப் புறப்பட வேண்டும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் சென்றதும் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நின்று, அதே டார்க் ரெஞ்சை எடுத்து மறுபடி ஒருமுறை நட்டுகளைப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஐந்து நிமிஷ வேலை.